எல்க் வேட்டைக்கு ஏழு வாரம் முன்னால் ஹெர்னியா ஆபரேஷன்: செய்யலாமா, தள்ளிப்போடலாமா?

ஃபோர்ட்காலின்ஸ்_சரவணன்

எல்லோருக்கும் வணக்கம். வலது பக்கம், அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் ஒரு புடைப்பு. இருமினால் வெளியே தள்ளுகிறது, மல்லாக்கப் படுத்தால் தானே உள்ளே போய்விடுகிறது. இங்குவினல் ஹெர்னியா, அதாவது வயிற்றுச் சுவரில் பலவீனமான இடம் வழியாக உள்ளே இருப்பது பிதுங்குவது, என்று போன வாரம் டாக்டர் சொன்னார். வலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஆனால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

சிக்கல் வேறு. பல வருஷம் விண்ணப்பித்துப் புள்ளி சேர்த்து, இந்த முறை கொலராடோ குலுக்கலில் யூனிட் 61 என்ற வேட்டைப் பகுதிக்கு, முதல் ரைபிள் சீசனில் ஆண் எல்க் (பெரிய மான் வகை) ஒன்றைச் சுடும் அனுமதிச் சீட்டு, அதாவது டேக், விழுந்திருக்கிறது. அக்டோபர் நடுவில் ஐந்தே நாள். அந்தப் பகுதி இருக்கிற அன்கம்பாக்ரே பீடபூமியைத் தெரிந்தவர்களுக்கு இந்த டேக்கின் அருமை தெரியும். இதை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது.

சர்ஜனிடம் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு தேதி இருக்கிறது. அதை விட்டால் நவம்பர். ஆகஸ்டில் செய்தால் வேட்டைக்கு ஏழு வாரம் கிடைக்கும். ஆபீஸ் வேலைக்கு ஒரு வாரம் போதும் என்றார். 9,000 அடி உயரத்தில் முப்பது கிலோ இறைச்சியைச் சுமந்து இறங்குவது பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்றார். எனக்கு வயது 46, புகை கிடையாது, சர்க்கரை கிடையாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

போய்சிபாலா

சரவணன், டேக்குக்கு வாழ்த்து. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நவம்பர்தான். ஹெர்னியா எங்கேயும் ஓடிவிடாது, டேக் ஓடிவிடும். ஆபரேஷன் செய்த வயிற்றோடு மலை ஏறுவதை விட, பழகிப்போன புடைப்போடு ஏறுவது மேல். இங்கே ஐடஹோவில் என் வேட்டைக் கூட்டத்தில் ஒருவர் இரண்டு சீசன் அப்படித்தான் வந்தார், சீசன் முடிந்து ஆற அமரத் தைத்துக்கொண்டார். அவர் துப்பாக்கியும் தண்ணீரும் தவிர வேறு எதையும் தூக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

---

மதுரைசர்ஜன்

எல்க்கை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஹெர்னியாவை தினமும் பார்க்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பாலா சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. தொந்தரவு குறைவாக இருந்த 720 ஆண்களை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது, முடிவு 2006ல் வெளியானது. பாதிப்பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப்பேருக்குக் காத்திருப்பு. காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசரமாக ஓடி வந்தவர்கள் ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு இரண்டுக்கும் குறைவு. அதனால் இரண்டு மாதம் தள்ளிப்போடுவதை அசட்டுத் துணிச்சல் என்று நான் சொல்ல மாட்டேன். அதே ஆட்களைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்கு பேர் எப்படியும் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி கூடிப்போனதால். ஆக, செய்ய வேண்டியிருக்கும். எப்போது என்பதுதான் கேள்வி.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் வீடும் வேலையுமாக இருந்த மனிதர்கள். மலை உச்சியில் மான் தொடை சுமந்தவர்கள் இல்லை. சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு சிறியதுதான், அது எங்கே வைத்து நடக்கிறது என்பதையும் சேர்த்து எடை போட வேண்டும். புடைப்பு கல் மாதிரி இறுகி, உள்ளே தள்ளினாலும் போகாமல், வலி கூடி, வாந்தி வந்தால் அது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். ரத்த ஓட்டம் நின்ற குடல் காத்திருக்காது.

இன்னொன்று. இது இங்குவினல்தானா, ஃபெமோரல் இல்லையே என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். தொடை மடிப்புக்குக் கீழே வருகிற ஃபெமோரல் வகை சிக்கிக்கொள்வதில் மோசமானது. அதை வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்ல மாட்டேன். பெண்களிடம் அதிகம், ஆண்களிடமும் வரும்.

---

கத்தியும்கயிறும்

எல்லோரும் நடப்பதைப் பற்றியும் சுமப்பதைப் பற்றியும் பேசுகிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் வரும். அது விழுகிற இடம் நீங்கள் தேர்ந்தெடுக்கிற இடமாக இருக்காது. பெரும்பாலும் சரிவில், விழுந்து கிடக்கும் மரங்களுக்கு நடுவில், கால் மடங்கிக் கிடக்கும். ஒரு பக்கம் தோலுரித்து முன்தொடை, பின்தொடை, முதுகுச் சதை எல்லாம் எடுத்த பிறகு மிச்சத்தை மறுபக்கம் புரட்ட வேண்டும். குடலை எடுக்காமல் வெட்டுகிற முறையில் அந்த எடையும் உள்ளேயே இருக்கும். கொம்பைப் பிடித்து, குதிகாலை மண்ணில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பீர்கள். அந்த மூச்சுப்பிடிப்புதான் உங்கள் தையலுக்கு எதிரி.

அதன் பிறகு எலும்போடு ஒரு பின்தொடை 60லிருந்து 80 பவுண்டு, அதாவது முப்பது கிலோ சுமார். அதைத் தூக்கிப் பையில் போட்டு, மரக்கிளையில் தொங்கவிட வேண்டும். முதுகில் ஏற்றிக்கொண்டு நடப்பதை விட, தரையிலிருந்து தலைக்கு மேல் தூக்கிக் கட்டுவது மோசம். ஒரு சின்னக் கப்பியும் நல்ல கயிறும் இருந்தால் அதைத் தவிர்க்கலாம். எலும்பை அங்கேயே நீக்கிவிட்டால் மொத்தம் 90 கிலோ அளவுக்கு இறைச்சி வரும், அதைப் பத்துப் பத்துக் கிலோவாகக் கூடப் பிரிக்கலாம், நடை கூடும். ஆண் எல்க் என்பதற்கான அடையாளத்தை மட்டும் இறைச்சியோடு விட்டு வையுங்கள், சட்டம் அது.

சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது. இடுப்பு வலிக்கிறது என்று சொன்னால் அதிகாரி கேட்க மாட்டார். அதனால் யார் சுமப்பது என்று முடிவாகாமல் சுடாதீர்கள்.

---

சும்மாஒருத்தன்

ஒரு வாயில்லா ஜீவனைக் கொல்வதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா? உடம்பே வேண்டாம் என்று சொல்கிறது, கேளுங்கள்.

---

போய்சிபாலா

அண்ணே, அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே நானே வந்து சண்டை போடுகிறேன். இங்கே வேண்டாம்.

---

அகிலா_டென்வர்

என் கணவருக்குப் போன வருஷம் லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டு, செய்தது. வேட்டைக்குப் போகிறவர் இல்லை, ஆனால் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், ஆண்கள் இதை எழுத மாட்டீர்கள்.

ஆபரேஷன் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தையலை விட மலச்சிக்கல்தான் படுத்தியது. வலி மாத்திரையில் ஓபியாய்டு (மார்ஃபின் வகை மருந்து) இருந்தால் வயிறு நின்றுவிடும், முக்கினால் உயிர் போகும். முதல் நாளிலிருந்தே இசப்கோலும் நிறையத் தண்ணீரும் கொடுத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் போனில் சொன்னார். இருமல், தும்மல், சிரிப்பு மூன்றுக்கும் தலையணையை அடிவயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வாரம் வடிவேலு காமெடி வீட்டில் தடை.

சரவணன், உங்களுக்கு ஒரு கேள்வி. கூடாரத்தில் தரையில் படுப்பீர்களா? ராத்திரி குளிரில் ஸ்லீப்பிங் பேகுக்குள்ளிருந்து எழுந்து ஒன்றுக்குப் போக நேராக நிமிர்ந்து உட்கார முடியாது. ஒருக்களித்து, கையை ஊன்றித்தான் எழ வேண்டும், அந்தப் பைக்குள் அது நடக்கிற காரியம் இல்லை. உயரமான கட்டில் ஒன்று கொண்டுபோங்கள். பாக்கெட்டில் வென்னீர் ஊற்றிச் சாப்பிடுகிற உணவையே ஐந்து நாள் சாப்பிட்டால் மறுபடியும் மலச்சிக்கல். அந்த உயரத்தில் தாகம் தெரியாமலேயே உடம்பு வறண்டுவிடும்.

இன்ஷூரன்ஸில் இந்த வருஷ டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும் முன் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, கட்டி முடித்துவிட்டீர்களா? ஜனவரி 1 வந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். ஆகஸ்டோ நவம்பரோ, டிசம்பரைத் தாண்ட விடாதீர்கள்.

---

ஃபோர்ட்காலின்ஸ்_சரவணன்

எல்லோருக்கும் நன்றி. டிடக்டிபிள் முடிந்துவிட்டது, பையனின் கை எலும்பு முறிந்ததில்.

புதுச் செய்தி: ஸ்கேன் எடுத்தார்கள். இங்குவினல்தான், ஃபெமோரல் இல்லை. இடது பக்கமும் சின்னதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறது. லேப்ராஸ்கோப்பியில் இரண்டையும் ஒன்றாக முடித்து, பலவீனமான இடத்தில் மெஷ் (செயற்கை வலை) வைத்துவிடலாம் என்கிறார் சர்ஜன். மெஷ் என்றாலே இணையத்தில் வழக்கு, வலி என்றுதான் வருகிறது. பயமாக இருக்கிறது.

---

ரொறன்ரோதவம்

தம்பி, மெஷ் இல்லாமலும் செய்யலாம். இங்கே ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் தோர்ன்ஹில்லில் ஷோல்டைஸ் என்று ஒரு ஆஸ்பத்திரி. ஹெர்னியா மட்டும்தான் செய்வார்கள், பெரும்பாலும் மெஷ் வைக்காமல் சதையையே அடுக்கடுக்காகத் தைப்பார்கள். எனக்கு அங்கேதான் நடந்தது. சில நாள் அங்கேயே தங்க வைத்து, அடுத்த நாள் காலையிலேயே நடக்க விடுவார்கள். படுத்துக் கிடக்க விடமாட்டார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் எல்லா டொக்டருக்கும் அந்தத் தையல் கைவராது. செய்தால் அதையே செய்து பழகினவரிடம் செய்ய வேணும்.

---

மதுரைசர்ஜன்

தவம் அண்ணன் சொன்னது சரி. ஷோல்டைஸ் முறை நல்ல முறை, பழகின கையில். சரவணனுக்கு இரண்டு பக்கம் இருப்பதால் லேப்ராஸ்கோப்பிக்கு ஒரு சாதகம்: அதே மூன்று சின்னத் துளை வழியாக இரண்டையும் முடிக்கலாம், இயல்பு வாழ்க்கைக்குத் திரும்புவதும் சீக்கிரம்.

மெஷ் பற்றிய பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். மெஷ் வைத்தாலும் வைக்காவிட்டாலும், ஹெர்னியா ஆபரேஷன் செய்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது சில மாதம் தாண்டியும் ஏதோ ஒரு வலி இருக்கிறது. அன்றாட வேலையைக் கெடுக்கிற அளவு வலி அதில் சிலருக்கு மட்டும். ஹெர்னியா திரும்ப வருவதை மெஷ் குறைக்கிறது என்பதால்தான் உலகம் முழுக்கப் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது தூக்குவது பற்றி. வீடு கட்டும்போது செங்கல் சுவரும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் கோழி வலை அடித்துப் பூசுவார்களே, அதே யோசனைதான். வலை முதல் நாளே இருக்கிறது, பூச்சு இறுக நாள் வேண்டும். உங்கள் திசு அந்த மெஷ்ஷின் கண்களுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ள வாரங்கள் ஆகும். ஆறு வாரம் கனமாகத் தூக்காதே என்ற பழைய அறிவுரை அங்கிருந்து வருகிறது. 2018ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் கொஞ்சம் தாராளம்: வலி அனுமதிக்கிற அளவுக்குச் சீக்கிரமே வழக்கமான வேலைக்குத் திரும்பலாம், அதனால் ஹெர்னியா திரும்புவது கூடுவதில்லை என்கிறது. ஆனால் வழக்கமான வேலை என்று அதில் சொல்வது எல்க் புரட்டுவது அல்ல. என் நோயாளியாக இருந்தால் ஏழாவது வாரத்தில் தாராளமாக மலை ஏறச் சொல்வேன், பத்துப் பதினைந்து கிலோ பை வரை விடுவேன், முப்பது கிலோவுக்கு விடமாட்டேன். கடைசி வார்த்தை உங்கள் சர்ஜனுடையது, வயிற்றைத் திறந்து பார்க்கப் போகிறவர் அவர்தான்.

---

போய்சிபாலா

டாக்டர், மறுக்கவில்லை. ஆனால் ஏழு வாரம் என்பது எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் சளி பிடித்தால் மயக்க மருந்து கொடுக்கிறவர் தள்ளிப்போடுவார். பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகள் கொண்டு வராத சளியா? ஏழு ஐந்தாகிவிடும். அப்போது என்ன செய்வார்? நீர் கட்டினால்? வலி உள்ள அந்தச் சிலரில் இவர் ஒருவராக இருந்தால்?

---

கத்தியும்கயிறும்

பாலா சொல்வது நியாயமான பயம். அதற்குத் தேதி வைத்துக்கொள்வதுதான் வழி. ஆறு வாரத்துக்குக் கீழே போகும்படி தள்ளிப்போனால் நவம்பருக்கு மாற்றிவிட வேண்டும், இடையில் நின்று பேரம் பேசக்கூடாது.

டேக் வீணாகிவிடும் என்று முழுசாகப் பயப்படவும் வேண்டாம். மருத்துவக் காரணத்துக்காகச் சீசனுக்கு முன்பே டேக்கைத் திருப்பி, செலவழித்த புள்ளிகளை மீட்கக் கொலராடோ வனவிலங்குத் துறையில் வழி இருக்கிறது. டாக்டரின் கடிதம் வேண்டும், கெடு தேதி உண்டு. இந்த வருஷக் கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தை இன்றைக்கே படியுங்கள். அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். அந்தக் கடிதத்தை ஆகஸ்டிலேயே சர்ஜனிடம் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள், அக்டோபரில் அவரைப் பிடிப்பது கஷ்டம்.

சுமப்பதற்கு மூன்று வழி. நண்பர்கள். கூலிக்குக் குதிரை கொண்டு வருகிற ஆள், இவர்களை இப்போதே பேசிவைக்க வேண்டும், முதல் சீசனில் கடைசி நேரத்தில் கிடைக்க மாட்டார்கள். அல்லது வாடகை லாமா, ஒட்டக இனத்துச் சுமை விலங்கு. லாமா ஒன்று முப்பது கிலோ வரை தாங்கும், இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்துப் போட வேண்டும் என்பதால் ஒரு தடவைக்குப் பதினைந்து கிலோ தூக்கினால் போதும். நீங்களே குதிரை மேல் ஏறிப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், சேணம் அழுத்துகிற இடம் எது என்று யோசித்துப் பாருங்கள்.

கைவண்டியும் உதவும். அன்கம்பாக்ரே என்ற பெயரிலேயே சான் யுவான் மலைப்பக்கம் ஒரு வனாந்தரப் பகுதி இருக்கிறது, அதற்குள் சக்கரம் கூடாது. நீங்கள் போகிற பீடபூமி வேறு, தேசிய வனம், பழைய மரம்வெட்டுப் பாதைகள் நிறைய. சாலையிலிருந்து ஒரு மைலுக்குள் வேட்டையை வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பகல் வெயிலில் இறைச்சி கெடாமல் இருக்க நிழலில் காற்றாடத் தொங்கவிட்டால், அக்டோபர் ராத்திரிக் குளிரில் ஆள் வரும்வரை தாங்கும்.

---

ரொறன்ரோதவம்

வில்லுக்குப் பதில் துப்பாக்கி டேக் கிடைத்ததே அதிர்ஷ்டம். வில் சீசன் செப்டெம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடுமே, தையலோடு நாண் இழுப்பது நினைத்தாலே வயிறு இழுக்கிறது.

---

ஃபோர்ட்காலின்ஸ்_சரவணன்

முடிவெடுத்துவிட்டேன். ஆகஸ்ட்.

காரணம், சிக்கிக்கொள்வது எங்கே வைத்து நடக்கிறது என்று பார்க்கச் சொல்லி மதுரை டாக்டர் எழுதிய அந்த ஒரு விஷயம். சுமக்கப் போவது நான் இல்லை என்று முடிவான பிறகு, ஆபரேஷனோடு போவதில் எனக்கு இருக்கிற இழப்பு கொஞ்சம் வலியும் வேகக் குறைவும்தான். ஆபரேஷன் இல்லாமல் போனால் இழப்புக்கான வாய்ப்பு சிறியது, ஆனால் மலையில் ராத்திரி அது நடந்தால் ஆஸ்பத்திரி இருக்கிற மாண்ட்ரோஸ் ஊருக்குப் போய்ச் சேரவே பல மணி நேரம் ஆகும். மனைவிக்கு நான் இந்தக் கணக்கை விளக்கியபோது, இதை முதல் நாளே நான் சொன்னேனே என்றாள்.

என் அலுவலக நண்பர் ஒருவரும் அவருடைய மகனும் வருகிறார்கள், இருவரும் இங்கேயே பிறந்து வளர்ந்த வேட்டைக்காரர்கள். மாண்ட்ரோஸ் பக்கம் குதிரைக்காரர் ஒருவரிடமும் பேசி முன்பணம் கட்டிவிட்டேன். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற கருவி நண்பரிடம் இருக்கிறது.

---

மதுரைசர்ஜன்

நல்லது. பயிற்சியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் நடை. இரண்டாம் வாரம் வெளியே சமதரையில், பை இல்லாமல். மூன்றாம் நான்காம் வாரம் ஏற்றம் இறக்கம். அதன் பிறகு, சர்ஜன் பார்த்துச் சரி என்றால், பையில் தண்ணீர் பாட்டில்களாகக் கூட்டிக்கொண்டே போங்கள், தண்ணீர் என்றால் வலித்தவுடன் கொட்டிவிடலாம். வயிற்றை இறுக்கும் உடற்பயிற்சிகள் இந்த வருஷம் வேண்டாம். காய்ச்சல், துளை சிவந்து சீழ், சிறுநீர் போகாமல் இருப்பது, கால் ஆடுசதை வீங்கி வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

---

ஃபோர்ட்காலின்ஸ்_சரவணன் (செப்டம்பர்)

ஆபரேஷன் முடிந்தது, சளி பிடிக்கவில்லை பாலா. மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்துப் பதறிவிட்டேன், விதைப்பை முழுக்கக் கத்தரிக்காய் நிறம். சர்ஜன் அலுவலகத்தில், சாதாரணம், உள்ளே கசிந்த ரத்தம் கீழே இறங்குகிறது, ஐஸ் வையுங்கள், இறுக்கமான உள்ளாடை போடுங்கள் என்றார்கள். இப்போது மஞ்சளாகி மங்கிவிட்டது. வலப்பக்கம் ஒரு இடத்தில் மரத்துப்போன மாதிரி இருக்கிறது. அகிலா, இசப்கோலுக்கு நன்றி.

---

ஃபோர்ட்காலின்ஸ்_சரவணன் (அக்டோபர்)

பன்னிரண்டு கிலோவோடு எங்கள் ஊர்ப் பக்கத்து ஹார்ஸ்டூத் மலை ஏறி இறங்கினேன். அடிவயிறு ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது, அது ஹெர்னியாவின் தப்பு இல்லை. பிரச்சினை எதிர்பாராத இடத்தில்: பையின் இடுப்புப் பட்டைக் கொக்கி தொப்புளுக்குக் கீழே இருக்கிற தழும்பின் மேலேயே உட்காருகிறது. இறுக்கினால் குத்துகிறது, தளர்த்தினால் மொத்த எடையும் தோளுக்கு வந்துவிடுகிறது.

---

கத்தியும்கயிறும்

கொக்கியைப் பக்கவாட்டில் தள்ளி வைக்க முடிகிற பட்டைகள் இருக்கின்றன, உங்கள் பையில் இரண்டு பக்க வாரும் தனித்தனியாக நீளம் மாற்ற முடிகிறதா பாருங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இழுத்து மறுபக்கத்தை விட்டால் கொக்கி இடுப்பெலும்புப் பக்கம் போய்விடும். முடியாவிட்டால் உள்ளே ஒரு துண்டு ஃபோம் வெட்டி, தழும்பு வருகிற இடத்தில் மட்டும் ஓட்டை போட்டு வையுங்கள். மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்கான ஆரஞ்சுச் சட்டையைப் பைக்கு மேல் போடுவீர்களா, அடியிலா? பை மறைத்துவிட்டால் சட்டம் கேட்கிற 500 சதுர அங்குல ஆரஞ்சு குறைந்துவிடும், பைக்கும் ஒரு ஆரஞ்சு உறை வாங்கிவிடுங்கள். தொப்பியும் ஆரஞ்சில் இருக்கட்டும்.

---

ஃபோர்ட்காலின்ஸ்_சரவணன்

வார் இரண்டும் தனித்தனிதான். வலப்பக்கம் தள்ளிப் பார்த்தேன், குத்தவில்லை. உறை இன்று வாங்குகிறேன். வெள்ளிக்கிழமை காலை கிளம்புகிறோம்.